சராசரி அழுத படம்

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சராசரி’ என்று பெயர் வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் கிண்டலாகத்தான் வைத்திருப்பார். நாளடைவில் கிண்டல் தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. தொலைபேசியை எடுக்கும் வரவேற்புப் பெண்கூட, “சராசரி மேடம், உங்களுக்குத்தான்” என்பாள்.

நாளிதழில் அவள் பார்த்த வேலை அப்படி. மற்ற பத்திரிகைகளின் விமர்சகர்கள் புதுப்படங்களைப் பற்றி எழுதியதையெல்லாம் வாராவாரம் மேசையில் பரப்பிக்கொள்வாள். ஒவ்வொன்றையும் ஒரே வரியாகப் பிழிவாள். அவர்கள் போட்ட மதிப்பெண்களைக் கூட்டி வகுத்து, ‘யார் என்ன சொன்னார்கள்’ என்ற பத்தியில் போடுவாள். போர்ப்படம் ஒன்றை ஒருவர் “உலுக்குகிறது” என்பார். இன்னொருவர் “உறங்கவைக்கிறது” என்பார். பேய்ப்படத்தைப் பார்த்து ஒருவர் வெலவெலத்துப் போயிருப்பார். அடுத்தவர் பேய்க்கு ஒப்பனை சரியில்லை என்று அலுத்துக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் அவள் கடமை தீர்ந்தது. இத்தனைக்கும் அவள் படம் பார்ப்பதே அபூர்வம்.

“மருந்துக்கடைக்காரர் எல்லா மாத்திரையையும் முழுங்கியா பார்க்கிறார்?” என்பாள், யாராவது கேட்டால்.

அவர்கள் பத்திரிகைக்கென்று சொந்தமாக ஒரு விமர்சகர் இருந்தார். எந்தப் படத்துக்கும் கடைசியில் ஒரு அரை நட்சத்திரத்தை ஒட்டவைக்காமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு ‘அரை’ என்று பெயர். அந்த அரைக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. ஒரு மாதம் வெளிச்சத்தையே பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். செய்தி ஆசிரியர் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பார்வை அவள்மேல் வந்து நின்றது.

“நீங்க போங்கம்மா. நாளைக்குக் காலைக் காட்சி. சாயங்காலம் பக்கம் முடியறதுக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க.”

“சார், எனக்கு விமர்சனமெல்லாம் எழுத வராது.”

“இத்தனை வருஷமா விமர்சனத்தைத் தவிர வேற எதைப் படிச்சீங்க? காமெடிப் படம்தான். சிரிப்பு வந்துச்சா வரலையான்னு எழுதணும். அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். ஆனால் மற்றவர்கள் எழுதியது எதுவும் அதுவரை வெளிவந்திருக்காது. சாய்ந்துகொள்ள ஒரு தோள்கூட இல்லாமல், தானாக ஒரு படத்தைப் பார்த்து, தானாக ஒன்றை நினைக்க வேண்டும்.

துணைக்குக் கணவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்த குஷியில், பெயர் போடும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மோசடிக்காரன் ஒரே வீட்டை மூன்று குடும்பங்களுக்கு விற்றுவிடுகிறான். மூன்றும் ஒரே நாளில் கட்டில், பீரோவோடு வந்து இறங்குகின்றன. இதுதான் படம். அவளும் சிரித்தாள். குளியலறைக்கு வரிசை நிற்கும் காட்சியில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பாடா, சிரிப்பு வந்துவிட்டது, எழுதிவிடலாம் என்று தைரியமும் வந்தது.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் மோசடிக்காரன் அந்த வீட்டுக்குத் திருட்டுத்தனமாகத் திரும்பி வருகிறான். உள்ளே யாருமில்லை என்று அவன் நினைப்பு. மூன்று குடும்பமும் அவனைப் பிடிக்கத் திரைச்சீலைக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்திருக்கிறது. அவன் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைக்கிறான். விளக்கைப் போடுகிறான். காலியாகக் கிடக்கும் கூடத்தைப் பார்த்து, “வந்துட்டேன்” என்கிறான்.

அரங்கம் கைதட்டிச் சிரித்தது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

கணவர் சிரிப்பை நிறுத்த முடியாமலேயே திரும்பிப் பார்த்தார். “என்னம்மா, வயித்து வலியா?”

“இல்லைங்க.”

“அப்புறம் ஏன்?”

“தெரியலையே!”

உண்மையிலேயே தெரியவில்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது கணவர் ஒவ்வொரு காரணமாக எடுத்து நீட்டினார். அவளும் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. அப்பா நினைவு வந்ததா? அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். காலையில்கூடத் தொலைபேசியில் சீட்டாட்டத்தில் ஜெயித்த கதையை அளந்தார். சொந்த வீடு இல்லை என்ற ஏக்கமா? வாடகை வீடு அவளுக்குப் பிடித்தே இருந்தது. தனிமையா? கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு நிமிடம் தனியாக இருக்க விடமாட்டார்கள்.

“அப்ப தூசி விழுந்திருக்கும்” என்று முடித்துவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

அவள் அலுவலகம் வந்து உட்கார்ந்தாள். முதலில், “வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் படம்” என்று ஒரு பத்தி எழுதினாள். படித்துப் பார்த்தால் உண்மையாக இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, “ஒரே நகைச்சுவையை மூன்று முறை விற்றிருக்கிறார்கள்” என்று இன்னொன்று எழுதினாள். அதுவும் உண்மையாகத்தான் இருந்தது. அரையின் பாணியில் ஒன்று எழுதினாள். அதிலும் பொய் இல்லை. தலை கிறுகிறுத்தது. ஒரே ஆள், ஒரே படம், ஒரே மத்தியானம், மூன்று விமர்சனம்! கடைசியில் மூன்றையும் அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், இந்த இடத்தில் அழுதேன், ஏன் என்று தெரியவில்லை.

செய்தி ஆசிரியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நல்லாருக்கா, நல்லால்லையா? அதை எங்க சொல்லியிருக்கீங்க?”

“அதுதான் சார் பிடிபடலை.”

“எத்தனை நட்சத்திரம்?”

“போட வரலை சார்.”

“வரலைன்னா? முட்டை போடட்டுமா?” அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “மூணு போடறேன். மூணு போட்டா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க.”

வந்தார்கள். ஒருவர் தொலைபேசியில் கத்தினார்: கைக்குட்டையும் கையுமாகக் குடும்பத்தோடு போய் உட்கார்ந்தாராம், ஒரு சொட்டு வரவில்லையாம். இன்னொருவர் குரல் தழுதழுக்க, “நானும் அழுதேன்மா” என்றார். அவளுக்கு உயிர் வந்தது. எந்த இடத்தில் என்று கேட்டாள். நாய் செத்துப்போகும் இடத்தில் என்றார். அந்தப் படத்தில் நாயே கிடையாது. பக்கத்து அரங்கில் ஓடிய படத்துக்குப் போயிருக்கிறார்.

மற்ற விமர்சனங்களும் வந்து சேர்ந்தன. “கவலை மறந்து சிரிக்கலாம்” என்றது ஒன்று. “சகிக்கவில்லை” என்றது இன்னொன்று. அவள் அழுத காட்சியை ஒருவர் மட்டும் குறிப்பிட்டிருந்தார், “தேவையில்லாத இழுவை” என்று. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தபோது தன்னுடைய மூன்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தாள். அந்த மூன்றை அவள் போடவும் இல்லையே.

இரண்டு நாள் கழித்து அந்தப் படத்தின் இயக்குநரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். பருத்த உடம்பு, கசங்கிய சட்டை. சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று வரவேற்புப் பெண் எச்சரித்தாள். அவரோ நாற்காலி நுனியில் பவ்யமாக உட்கார்ந்தார்.

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அந்த இடத்துல ஏன் அழுதீங்க?”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்! நீங்கதானே எடுத்தீங்க?”

“சிரிப்புக்குத்தாங்க எடுத்தேன். எடிட்டர் அதை வெட்டச் சொன்னார். நான் விடலை. ஏன் விடலைன்னு அவர் கேட்டார், பதில் சொல்லத் தெரியலை. உங்க எழுத்தைப் பார்த்ததும் இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு ஓடி வந்தேன்.”

“எனக்கும் தெரியலைங்க.”

தேநீர் வந்தது. இருவரும் குடித்தார்கள். செருப்பைக் கழற்றி வைத்தது அவர் நடிகருக்குச் சொல்லித்தந்ததா என்று கேட்டாள்.

“இல்லைங்க, அவரா செஞ்சார். திருட வந்தவன் எதுக்குச் செருப்பைக் கழட்டறான்னு யூனிட்டே சிரிச்சுது.”

“அதுதானோ என்னவோ” என்றாள்.

“அதா இருக்குமோ?” என்றார் அவர் ஆவலாக.

அவள் யோசித்துப் பார்த்தாள். அதுதான் போலவும் இருந்தது, அது இல்லை போலவும் இருந்தது. அப்படியே சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, வந்ததைவிடக் குழப்பமாகப் போனார். ஆனாலும் படிக்கட்டில் இறங்கும்போது அவர் எதற்கோ சந்தோஷமாக இருந்ததாகத்தான் வரவேற்புப் பெண் சொன்னாள்.

அரை கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். அவளும் தன் பழைய பத்திக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆனால் முன்போல் வேலை ஓடவில்லை. எந்த விமர்சனத்தை எடுத்தாலும், இதை எழுதியவர் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று மனசு அலைந்தது. நீச்சல்காரி ஒருத்தியின் கதையைப் பற்றி, “மூச்சு முட்டுகிறது” என்று எழுதியிருந்தார் போட்டிப் பத்திரிகையின் மூத்த விமர்சகர். புகழ்கிறாரா, திட்டுகிறாரா? அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவருக்கே தொலைபேசி போட்டாள்.

“சார், மூச்சு முட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. எந்த இடத்துல முட்டுச்சு?”

“என்ன கேள்வி இது? யார் பேசறது?” என்று அவர் சீறினார். அவள் சொன்னாள். வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தாள்.

“அந்தப் பொண்ணு தண்ணிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி கரையில நிக்கறாளே,” என்று மெதுவாக ஆரம்பித்தார். “அங்கதான். தண்ணிக்குள்ள கூட இல்லை பாருங்க. எனக்கே அது விளங்கலை.” பிறகு அவர் நிறுத்தவே இல்லை. தான் நீந்தக் கற்றுக்கொள்ளாதது, மகளை நீச்சலுக்கு அனுப்ப மறுத்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது, ஒருவேளை இருக்கலாம் என்பது. பக்கம் கேட்டு செய்தி ஆசிரியர் வாசலில் வந்து நின்று கையை ஆட்டினார். அவள் கவனிக்கவில்லை.

“நீங்க பார்த்தீங்களா அந்தப் படத்தை?” என்று கேட்டார் விமர்சகர் கடைசியில்.

“இல்லை சார். நாளைக்குப் போறேன்.”

“போயிட்டுப் பேசுங்க” என்றார் அவர்.