அமெரிக்காவில் சண்டை பிடிக்க ஆளில்லாமல் திரும்பி வந்த தம்பி

முன்பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிறவர்தான் என் தம்பி. அந்தக் கோட்டு அவருடையது இல்லை. அமெரிக்காவில் இறங்கியதும் அவருடைய மச்சான் மாட்டிவிட்டது. தோள் இரண்டும் தொங்குவதைப் பாருங்கள். இதைவிட நல்ல படம் ஒன்று இருந்தது. ஆனால் அதில் தம்பி கையில் வெங்காயமும் கண்ணில் கண்ணீருமாக இருக்கிறார். நினைவு மலருக்கு அது சரிவராது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தப் படம்தான் பிடிக்கும்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் "அவன்" என்றால் அவள் "அவர்" என்று போடுகிறாள். மலரில் மரியாதை வேண்டுமாம். சரி, உயிரோடு இருந்தபோது அக்காவிடம் வாங்காத மரியாதையை இப்போதாவது வாங்கட்டும்.

தம்பி பிறந்தது யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில், எங்கள் அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளையாக. ஐயா கடலுக்குப் போகிறவர். தம்பிக்கோ வள்ளத்தில் காலை வைத்தாலே வாந்தி வரும். அப்படிப்பட்ட பிள்ளை, நாட்டில் சண்டை தொடங்கிய பிறகு எத்தனை கடல் தாண்டி இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்தார் என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம். வந்த புதிதில் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் பழம் பறித்தார். மற்ற இடங்களில் பழம் முடிந்த பிறகு அங்கே பழுக்கும், அவ்வளவு இனிப்பு. பறித்தவருக்குத் தின்ன நேரமில்லை. பிறகு வீடு துடைத்தார், வயோதிபர்களைக் குளிப்பாட்டினார். இங்கே தங்கி வேலை செய்ய அனுமதிக்கும் பெர்மெஸ்ஸோ கையில் கிடைத்ததும் புருஷனை இழந்து மகளோடு நின்ற என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். கல்யாணம் கட்டியது அதற்குப் பிறகு. இதை மச்சாள், அதாவது தம்பியின் மனைவி, இன்றைக்கும் எனக்குச் சொல்லிக் காட்டுவார். சிரித்துக்கொண்டுதான்.

நான் கால்சாப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிச் சீமாட்டியின், வீட்டில் வேலை செய்தேன். அரண்மனை போல வீடு, உள்ளே ஒற்றை மனுசி. கூரையில் தேவதூதர்கள், கட்டிலுக்குக் கீழே தூசி. அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பேத்தி "உங்கடை தம்பியின்ரை கதைக்கு வாங்கோ அம்மம்மா" என்கிறாள். வருகிறேன்.

தம்பியும் மச்சாளும் நானுமாக அல்பெர்கேரியாவில், பல்லாரோ சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் கடை திறந்தோம். அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு, கறிவேப்பிலை. பின்பக்கம் அடுப்படி. சனிக்கிழமையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் போடுவோம், ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்கள் வாங்குவார்கள். கடைக்குத் தம்பி வைத்த பெயர் "அமெரிக்கா". மச்சாளின் தமையன் அப்போதுதான் நியூ ஜேர்சிக்குப் போய், "உங்களையும் கூப்பிடுவன்" என்று சொல்லியிருந்தார். போகப் போகும் இடத்தின் பெயரைத் தம்பி முன்கூட்டியே கடைக்கு வைத்துவிட்டார். ஒழுங்கைச் சிசிலிக்காரர் எல்லாரும் அவரை "அமெரிக்கானோ" என்றே கூப்பிட்டார்கள். அமெரிக்கா போய்த் திரும்பி வருகிறவனைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வது வழக்கம். தம்பி அப்போது நேப்பிள்ஸைக்கூடக் கண்டதில்லை.

இனி அரசியல். தம்பி இத்தாலிப் பிரசையாகி வோட்டுரிமை கிடைத்ததும் வலது பக்கக் கட்சிக்குத்தான் போட்டார். கடைக்காரருக்கு வரியைக் குறைப்போம் என்றது அந்தக் கட்சி. மகன் அன்ரன் இங்கே பிறந்த பிள்ளை, இடது பக்கம். துறைமுகத்தில் அகதிப் படகு வந்தால் உடுப்பும் சாப்பாடும் கொண்டு ஓடுவான். கடையில் ஆட்கள் வரிசையில் நிற்க, அப்பாவும் மகனும் தொடங்கிவிடுவார்கள். வியாபாரம் கெடுகிறது என்று நான் ஒரு சட்டம் போட்டேன். கடைக்குள் அரசியல் தொடங்குகிறவர் அன்றைய ரோல்ஸுக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். பதில் சொல்கிறவரும் உரிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வெங்காயம் உரிக்கிற கவலையே இல்லை. அடுப்படியில் இரண்டு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, எதிரெதிரே இருந்து, கண்ணால் நீர் ஓட ஓட உரிப்பார்கள். வாய் மூடாது.

"கடை நடத்திப் பார், அப்ப தெரியும் வரி எண்டா என்னெண்டு."

"வரியை விடுங்கோ அப்பா. நீங்கள் வோட்டுப் போடுற ஆக்கள், எங்களைப்போல சனம் இஞ்சை வரக்கூடாது எண்டெல்லோ சொல்லினம்?"

"நான் வந்திட்டன்தானே!"

"நீங்கள் ஏறினாப் பிறகு பஸ் கதவைப் பூட்டச் சொல்லுறியள்."

"பஸ் நிறைஞ்சிட்டுதடா!"

"நிறைஞ்ச பஸ்ஸிலதான் அப்பா உங்களையும் ஏத்தினவை."

உடனே தம்பி என் பக்கம் திரும்புவார். "கத்தி மொட்டை அக்கா, வேற தா" என்பார். ஒருமுறை ரோல்ஸ் வாங்க வந்த புது ஆள் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் செத்தவீடு என்று நினைத்து என் கையைப் பிடித்து அனுதாபம் சொல்லிவிட்டுப் போனார். மச்சாளும் நானும் இருந்து சிரித்த சிரிப்பில் ஒரு சட்டி எண்ணெய் கருகிப்போனது.

இப்படியே வருஷங்கள் போக, அமெரிக்க விசாக் கடதாசி வந்தது. தம்பி அதைக் கொண்டு ஒழுங்கை முழுக்க நடந்தார். வீட்டுக்கு வந்து ஆறுதலாக வாசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பிள்ளைகளுக்கு ஒரு வயது எல்லை இருக்கிறதாம். மகள் மெலனி போகலாம். காத்திருந்த காலத்தில் அன்ரன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டான்.

தம்பிக்கு வாழ்க்கையில் இரண்டு ஆசை. ஒன்று அமெரிக்கா, மற்றது மகன். இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கவில்லை.

"நான் போய் உனக்கும் ஒரு வழி பாக்கிறன். இப்ப கடையை வித்துவிடுவம்" என்றார்.

"வழி பாக்கவேண்டாம். உங்கடை அமெரிக்கா எனக்கு வேண்டாம். கடையைத் தாங்கோ, நான் நடத்திறன்."

"உன்னட்டைத் தந்தா உது கடையா இராது. கூட்டம் போடுற மண்டபமாப் போயிடும்."

அன்ரன் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் கடைப்பக்கம் வரவில்லை. சண்டை பிடித்தபோது பயப்படாத நான் அப்போதுதான் பயந்தேன். இவர்கள் இப்படியே பிரிந்தால் நடுவில் ஒரு பெரிய சமுத்திரம் வேறு கிடக்கப்போகிறது.

நான் தம்பியிடம் சொன்னேன், "கடை உன்ரை, அடுப்படி என்ரை. அடுப்படியை நான் விக்கேல்லை. அடுப்படி இல்லாமல் ஆர் உன்ரை கடையை வாங்கிறது?" தம்பி என்னை முறைத்தார். ஆனால் கடையை விற்கவில்லை. பயணத்துக்கு முதல், எங்கள் சனம் வழக்கமாகச் செய்வது போல, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறினோம். அன்ரனும் வந்தான். ஆனால் எங்களுக்கு வெகு முன்னால், திரும்பிப் பார்க்காமல் ஏறினான்.

தம்பியும் மச்சாளும் மெலனியும் போனார்கள். கடைப் பூட்டும் திறப்பும் அன்ரனிடம் வந்தன. அவன் முதல் வேலையாகத் தன் கட்சிப் படத்தைச் சுவரில் ஒட்டினான். இரண்டாவது வேலையாக, அப்பா இருந்து வெங்காயம் உரித்த பழப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாதாட ஆளில்லை. அந்தச் சனிக்கிழமை வெங்காயம் முழுவதையும் நான்தான் உரித்தேன்.

தம்பி அங்கே மச்சானின் பெற்றோல் அடிக்கிற செட்டில் வேலைக்கு நின்றார். அதுவும் குடும்ப வியாபாரம்தான். கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து, சின்ன ஓட்டைக்குள்ளால் சாமான் கொடுக்க வேண்டுமாம். வீடு பெரிது. கார் நிறுத்தவே ஒரு வீடு. ஒருநாள் வீடியோவில் எடுத்தார்.

"அக்கா, வெங்காயம் ஆர் உரிக்கினம்?"

"நான்தான். சண்டை பிடிக்க ஆர் இருக்கினம்?"

"இஞ்சை ஒருத்தரும் உரிக்கினமில்லை. வெட்டின வெங்காயம் பைக்கற்றில வருது." குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை மச்சான் ஒரு கட்சி, அவரின்ரை மூத்த பெடியன் மற்றக் கட்சி. போன தேர்தலுக்குப் பிறகு ரெண்டு பேரும் கதைக்கிறதில்லையாம். ஒரே மேசையில இருந்து சாப்பிடினம், கரண்டிச் சத்தம் மட்டும் கேக்குது. ஒருத்தரும் சண்டை பிடிக்கினமில்லை அக்கா. பாக்கப் பயமாக் கிடக்கு."

பிறகு, ஏதோ சும்மா கேட்பது போல, "அவன் நிக்கிறானோ?" என்றார்.

நான் போனைக் கொண்டுபோய் அன்ரனுக்கு முன்னால் மா இருந்த தகரத்தில் சாய்த்து வைத்தேன். அவன் வேறு பக்கம் பார்த்தான். தம்பி தொண்டையைச் செருமினார்.

"இண்டைக்கு இத்தாலிச் செய்தி பாத்தனான். உன்ரை ஆக்கள் வரியைக் கூட்டப்போகினமாம்."

அன்ரன் திரும்பினான். "ஆர் சொன்னது? பொய்!"

எனக்கு அவ்வளவு சந்தோசம். ஆனால் சட்டம் சட்டம்தானே. "ரெண்டு பேரும் உரியுங்கோ. போனில தொடங்கினாலும் தொடங்கினதுதான்" என்றேன். அன்ரன் கத்தியை எடுத்தான். அங்கே தம்பி கடைக்குப் போய்த் தோல் உள்ள வெங்காயம் தேடி வாங்கி வந்து, நியூ ஜேர்சிக் குசினியில் இருந்து உரித்தார். மெலனி எடுத்த படம்தான் நான் முதலில் சொன்னது. அழுகிற முகத்தில் அவ்வளவு சிரிப்பு.

தம்பி சும்மா இருப்பாரா? மச்சானையும் அவர் மகனையும் பக்கத்தில் இருத்தி, கையில் ஆளுக்கொரு வெங்காயத்தையும் கொடுத்துப் பார்த்தார். பெடியன் உரித்தான். மச்சான் வெங்காயத்தை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குத்தான் தம்பி மச்சாளிடம், "நாங்கள் திரும்பிப் போவம்" என்று சொல்லியிருக்கிறார்.

மெலனி அங்கேயே படிக்கிறாள். மச்சாள் முணுமுணுத்துக்கொண்டு தம்பியோடு வந்து சேர்ந்தார். கடைக்குள் நுழைந்த தம்பி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். கிழிக்கவில்லை. பக்கத்தில் தன் கட்சிப் படத்தை, ஒரு விரல் உயரமாக ஒட்டினார். "சாய்வாக் கிடக்கு அப்பா" என்றான் அன்ரன். "உன்ரைதான் சாய்வு" என்றார் தம்பி. கடைக்கு மேல் வீட்டில் இருக்கிற அயல்காரி சிஞ்ஞோரா பினா இறங்கி வந்து தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். "என்ரை அண்ணன்மார் மூண்டு பேரும் வாறம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் அமெரிக்காவுக்குப் போனவை. வந்தது நீ ஒருத்தன்தான்" என்றார்.

பிறகு தம்பிக்கு நோய் வருத்தம் வந்தது. அதை நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தம்பி கட்டிலோடு கிடந்த நேரத்தில் தேர்தல் வந்தது. அன்றைக்குக் காலையிலேயே, "நான் வோட்டுப் போடவேணும்" என்று தொடங்கிவிட்டார்.

"எழும்பி இருக்கேலாது, வோட்டாம்" என்றார் மச்சாள்.

அதே கட்டிடத்தில் எங்கள் வீடு உச்சி மாடி, லிப்ட் கிடையாது. அன்ரன் அன்றைக்கு வோட்டுப் போடும் பள்ளிக்கூடத்தில் தன் கட்சிக்காகக் கண்காணிக்க இருந்தான். அவனுக்குப் போன் எடுத்துச் சொன்னது நான்தான். வேலையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"வலதுக்கோ அப்பா?"

"வலதுக்குத்தான்."

"சரி. முதுகில ஏறுங்கோ."

"நல்லா யோசிச்சுக்கொள் மோனை. உன்ரை ஆக்களுக்கு எதிரா ஒரு வோட்டை நீயே சுமந்து கொண்டு போறாய்."

"உங்கடை வோட்டை நான் களவெடுக்கேலாது. ஏறுங்கோ."

அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கினான். பின்னால் நான். எனக்குப் பின்னால் சிஞ்ஞோரா பினா, இடையில் தம்பியை இருத்தத் தேவைப்படும் என்று தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு. படி முழுக்க வாக்குவாதம்தான். மற்ற மாடிக்காரர்கள் கதவைத் திறந்து "அமுனீ, அமெரிக்கானோ!" என்று உற்சாகப்படுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசை விலகி வழி விட்டது. திரைக்குள் ஆள் தனியாகத்தான் போக வேண்டும். அன்ரன் அப்பாவை மெல்ல இறக்கி, பலகையைப் பிடிக்க வைத்து, கையை விட்டான். பிறகு திரைக்கு முதுகைக் காட்டி நின்றான். உள்ளே வெகுநேரம் எடுத்தது. அவன் கை இரண்டும் பின்பக்கம் விரிந்தபடியே இருந்தன, விழுந்தால் பிடிக்கிறதற்கு.

திரும்பி ஏறும்போது தம்பி வாதாடவில்லை. முகத்தை மகனின் கழுத்தில் வைத்துக்கொண்டு வந்தார். பாதிப் படியில் கேட்டார், "பாரமோ மோனை?"

"இல்லை அப்பா. வோட்டுப் போட்டாப் பிறகு கொஞ்சம் குறைஞ்சிட்டியள்."

தம்பி சிரித்த சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. அந்தத் தேர்தலில் யாருடைய ஆட்கள் வென்றார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் ரெலிவிஷன் போட்டுப் பார்க்கவில்லை. தம்பிக்கு மூச்சு இழுத்தது, எல்லாரும் அவரைச் சுற்றி இருந்தோம். அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. கொஞ்ச நாளில், மகனின் கையைப் பிடித்தபடி, கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார். கடைசியாக என்ன சொன்னார் என்று அன்ரனைக் கேட்டேன். "வரியைப் பற்றித்தான் மாமி" என்றான். சொல்லிவிட்டு அழுதான்.

வருத்தத்தில் கஞ்சி கொண்டு வந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்த பிள்ளைகளுக்கும், நற்கருணை கொண்டு படியேறி வந்த சுவாமிக்கும், கதிரை தூக்கிய சிஞ்ஞோராவுக்கும், அமெரிக்காவிலிருந்து மகனும் தானுமாக ஒரே பிளேனில் வந்திருக்கும் மச்சானுக்கும் எங்கள் நன்றி. தம்பியோடு ஒத்துப்போகாமலும், அவரை விட்டுப்போகாமலும் கடைசி மட்டும் இருந்தவர்களுக்கு நாங்கள் எந்த நன்றியைச் சொன்னாலும் காணாது.

இன்றைய பூசை முடிந்ததும் எல்லாரும் கடைக்கு வாருங்கள். ரோல்ஸ் இருக்கிறது. அன்ரன் நிற்பான். தகப்பன் இல்லாத பிள்ளை என்று இரங்கி, அவன் சொல்வதற்கெல்லாம் ஓம், ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். பிள்ளை தனித்துப்போவான்.