பாலத்தடியில் அண்ணை போட்ட கையெழுத்து

"அக்கா, அந்தப் பாலத்தடிக் கதையை மட்டும் எழுதிப் போடாதேங்கோ!"

செவ்வாய்க்கிழமை காலை. மொன்றியல், செயின்ட்-மிஷேலில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஆஸ்திரேலியாவில், தாஸ்மேனியாவிலிருந்து தங்கை சாந்தியின் போன். ஹலோ இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை... நேரே உத்தரவு!

விஷயம் இதுதான். எங்கள் அண்ணையின் மகள் அபிராமிக்கு மெல்பேர்னில் ஒரு சம்பந்தம் பேசுகிறோம். கொண்டுவந்தவள் சாந்தி. மாப்பிள்ளையின் அம்மா நான் எழுதும் இந்தப் பத்தியை இணையத்தில் ஒரு வாரமும் விடாமல் வாசிப்பாராம்.

"நான் என்ன கெட்டவளே அக்கா? பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் எண்டுதானே சொல்லுறன்" என்று அழுதாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. ஆனாலும் எழுதுகிறேன்.

போன மாதம் நானும் அண்ணையும் சாந்தி வீட்டுக்குப் போயிருந்தோம். அண்ணை யோகேஸ்வரன், டவுன்டவுனில் ஒரு ரெஸ்ட்டோரன்ட்டில் சமையல் வேலை. ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குப் பிடித்திருக்கும் பைத்தியம் — ஜியோகேஷிங். யாரோ எங்கோ ஒளித்துவைத்த சின்னப் பெட்டியை, போனில் இடம் பார்த்துத் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். பரிசு? ஒரு மண்ணும் இல்லை! மொன்றியல் பக்கத்து இல்-பிசார் தீவில் அவர் குனிந்து பார்க்காத மரப்பொந்தே கிடையாது.

தாஸ்மேனியாவில் மட்டும் சும்மா இருப்பாரா? எங்களையும் இழுத்துக்கொண்டு ஒரு பழைய கல் பாலத்துக்குப் போனார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் நாடுகடத்தப்பட்ட கைதிகள் கட்டிய பாலம். அண்ணை கரையில் இறங்கி, கல் இடுக்குக்குள் கையை விட்டு எடுத்தார்... ஒரு தகரப் பெட்டி.

"ஐயோ அண்ணை, தொடாதேங்கோ!"

நானும் சாந்தியும் ஒரே நேரத்தில் கத்தினோம். தேடி வந்ததே அந்தப் பெட்டியைத்தான்! என்ன செய்வது? இலங்கை யுத்தத்துக்குள் வளர்ந்தவர்கள் பாலத்தடியில் பெட்டியைக் கண்டால் குண்டென்று நினைக்காமல் கைதட்டுவார்களா?

சத்தம் கேட்டு, நாயோடு நடந்துவந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பாலத்தைத் தட்டிக் காட்டி, "இதற்குக் கல் சுமந்தவர்களில் எங்கள் பரம்பரை ஆளும் ஒருவர். ஆடு திருடிப் பிடிபட்டவர்" என்றார். எப்படிச் சொன்னார் தெரியுமா? 'என் மகன் டாக்டர்' என்று நாம் சொல்வோமே... அப்படி!

அண்ணை கையிலிருந்த பெட்டியைப் பாலத்துக் கல்மேல் வைத்தார். பிறகு தன் சமையலறை இங்கிலீஷில் சொன்னார்: "நானும் கைதிதான். எட்டு மாதம். சிறைக்கு மதில் கட்டினேன்."

சாந்தியின் முகம் வெளிறிப்போனது.

உண்மைதான். கனடாவுக்கு வரும் வழியில், ஒரு நாட்டில், கள்ளப் பாஸ்போர்ட்டோடு பிடிபட்டு அண்ணை மறியலில் இருந்தார் — சிறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆனால் அந்த எட்டு மாதத்துக்கு எங்கள் வீட்டில் வேறு கதை. 'அவன் ஜேர்மனியில படிச்சவன்.' அம்மா தொடக்கிவைத்தார், நாங்கள் வளர்த்தோம். ஒரு கல்யாண வீட்டில் உண்மையான ஜேர்மனிக்காரர் ஒருவரை அண்ணையோடு கதைக்கக் கூட்டிவந்துவிட்டார்கள். பாத்ரூமுக்குள் போன அண்ணை பந்தி முடியும்வரை வெளியே வரவில்லை! அன்றைக்கு நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண்மணி நாய்க்கயிற்றைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணை பெட்டிக்குள் இருந்த தாளை விரித்துத் தமிழில் எழுதினார்: 'யோகேஸ்வரன். முன்னாள் கைதி.'

நான் கேட்கிறேன் — ஆடு திருடியவரின் வாரிசு நெஞ்சை நிமிர்த்தலாம், உயிரைக் காப்பாற்ற ஓடிவந்தவன் பாத்ரூமுக்குள் ஒளிக்க வேண்டுமா? ஒரு காலத்தில் இதே மொன்றியலில் இருந்தும், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கலகக்காரர்களை ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினார்கள். இன்றைக்கு அவர்கள் வீரர்கள். அந்தக் கலகக்காரர்கள் பெயரில் மே மாதத்தில் நமக்கு லீவு வேறு! நம் ஆட்கள் மட்டும் ஏன் இன்னும் 'ஸ்பொன்சரில வந்தனாங்கள்', அதாவது சொந்தக்காரர் கூப்பிட்டு முறைப்படி வந்தோம் என்றே கதைவிட வேண்டும்? இந்த ஊரில் நம் வீடுகளைத் தட்டினால் இரண்டுக்கு ஒன்றில் இப்படி ஒரு 'ஜேர்மனி' இருக்கும்.

இருந்தாலும் இது அபிராமியின் வாழ்க்கை. சாந்தி போன் எடுத்த அன்று மாலையே அண்ணை வீட்டுக்குப் போனேன்.

"எழுதட்டோ அண்ணை?"

"இவ்வளவு காலம் ஒளிச்சது காணும். எனக்கெண்டால் நீ எழுதலாம், பிள்ளை. ஆனா சம்பந்தம் அவளுக்கு. அவளைக் கேள்."

அபிராமி தான் வேலை செய்யும் கார்டெறியில் — குழந்தைகள் காப்பகத்தில் — பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் வந்து சோபாவில் விழுந்திருந்தாள். போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"எழுதுங்கோ மாமி. அப்பான்ர பேரையும் போடுங்கோ. வாசிச்சிட்டு அவைக்கு வேண்டாமெண்டால், எனக்கும் வேண்டாம்."

அண்ணை சட்டென்று எழுந்து குசினிக்குள் போய்விட்டார். மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆகவே, மெல்பேர்ன் அம்மா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீடியோ கோல் எடுப்பதாக ஏற்பாடு. பெண்ணின் அப்பா மறியலில் இருந்தவர். சம்மதமென்றால் எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம் — போனைப் பார்த்தபடி இங்கே யாரும் உட்கார்ந்திருக்கப்போவதில்லை!