ஆறிய எஞ்சின்

கீழக்குயில்குடி அன்னக்கொடி, நேரம் பார்க்காமல் ஒரு முறத்தைக்கூட வாங்கமாட்டாள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டில், கிணற்றில் கமலை இழுத்து நீர் இறைத்த மாடுகளை விற்றுவிட்டு, பழைய ஆயில் எஞ்சின் ஒன்றை வாங்குவதற்காகக் கணவன் நல்லகாமனுடன் அவள் பழங்காநத்தத்திற்கு நடந்தாள். கண்மாய் வறண்டிருந்தது. கிணற்றில் நீர் இருந்தும், மாடுகள் இறைத்தது வயலுக்குப் போதவில்லை. நெல்லோ கதிர் உள்ளே திரண்டு பொதி கட்டியிருந்தது. இப்போது காய்ந்தால் கதிர் வெளிவராது.

விற்பவரான மலையாண்டியின் தோட்டத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் பீறிட்டது. நல்லகாமன் மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல அதைத் தொட்டான். சூடு பட்டுத் தொட்ட கையை உதறினான்.

“என்னண்ணே, கடிச்சிருச்சா?” என்று சிரித்த மலையாண்டி, அதை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை மீண்டும் சுற்றினார். உடனே ஓடியது. “அச்சாரத்தக் குடுங்க, வண்டியில ஏத்திருவோம்.”

“ராகு காலம்ணே, கழியட்டும்” என்றாள் அன்னக்கொடி.

“அட தாயி, இரும்புக்கு என்ன ராகு?”

“இரும்புக்கு இல்லண்ணே, எனக்கு.”

அவள் வேப்பமரத்தடியில் அமர்ந்துவிட்டாள். எண்ணெய் வீணாகிறதே என்று எஞ்சினை நிறுத்தச் சொன்னவன் நல்லகாமன். அதற்குள் அவன் மனதில் அது அவனுடையதாகிவிட்டிருந்தது. மலையாண்டி மட்டும் நிலைகொள்ளாமல் நடந்தார்.

நேரம் கழிந்ததும் அவள் சக்கரத்தில் குங்குமம் இட்டாள். “நல்ல நேரத்துல ஒருக்கா ஓட்டுங்கண்ணே.”

மலையாண்டி சுற்றினார். எஞ்சின் இருமி நின்றது. நல்லகாமனும் உள்ளங்கை கொப்புளிக்கும்வரை சுற்றினான். உட்பாகங்கள் தேய்ந்த அந்த எஞ்சின், சூடாக இருந்தால் மட்டுமே கிளம்பும்.

“நாங்க வர்றதுக்கு முன்னாலயே சூடேத்தி வச்சீகளாண்ணே?” என்றாள் அன்னக்கொடி.

மலையாண்டி கைப்பிடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“இதையாவது வாங்கிருவோம், புள்ள” என்று நல்லகாமன் கெஞ்சினான். “ஓடுற அன்னைக்கு ஓடட்டும். வீட்டுல மாடும் இல்ல.”

“ஓடாத அன்னைக்கு?”

அவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். விற்ற மாடுகள் சந்தை தாண்டிப் போய்விட்டன. வேறு சோடியைத் தேடிக் கமலைக்குப் பழக்குவதற்குள் பயிர் கருகிவிடும்.

மாலையில் நல்லகாமன், கிணற்றை ஒட்டிய ஒரு மூலையை மட்டும் வரப்பிட்டுப் பிரித்தான். விதைநெல்லாவது மிஞ்சவேண்டும். அன்னக்கொடி குடம் குடமாக இறைத்து ஊற்றினாள். புது வரப்பின் அடியில் நீர் கசிந்து, வெளியே வாடி நின்ற பயிரை நோக்கி ஓடியது. அவன் மண்ணை அள்ளி அடைத்தான்.

“அந்தப் பக்கம் ஒரு குடமாச்சும் விடுவோங்க” என்றாள் அவள்.

அவன் அந்த மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினான்.