கையெழுத்துப் போடப் போன குற்றம்

பிரேக் அக்காவைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பழகுகிறவன் கொஞ்சம் தடுமாறினால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி "பிரேக்கு!" என்று கத்துவாள். அதுவே பேராக ஒட்டிக்கொண்டது.

அண்ணன் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்க்கவிடவில்லை என்று ஒருநாள் அவனோடு வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பானது. அண்ணன் விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. போலீஸ் கேஸ். ஜாமீன் கொடுத்த நீதிபதி, தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொன்னார். அண்ணன் சும்மா இருப்பானா? வேறொரு கோர்ட்டுக்குப் போய், தங்கை தன் தெருவுக்குள் கால் வைக்கக் கூடாது என்று தடை வாங்கிவிட்டான். ஸ்டேஷன் இருந்ததும் அதே தெருவில்தான், அவன் வீட்டுக்கு நேர் எதிரே.

"நான் என்ன சார், பறந்தா போறது?" என்று வக்கீலிடம் கேட்டாள்.

"ரெண்டு இடத்துலயும் மனு போட்டாச்சும்மா. இவங்க அங்க போய்க் கேளுங்கறாங்க, அவங்க இங்க கேளுங்கறாங்க. கொஞ்சம் பொறு."

"நாளைக்குக் காலையில பொறுக்குமா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை தெருமுனையிலேயே நின்றாள். அவளிடம் கார் பழகிய பெண் போலீஸ் ஒருத்தி ஓடி வந்தாள்.

"அக்கா, கையெழுத்து நோட்டை வெளிய கொண்டுவர முடியாது. நீங்க வராட்டி ஜாமீன் போச்சு. வந்தா நாங்களே பிடிக்கணும்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எப்படியும் உள்ளேதான் என்றால், அம்மாவின் ஜன்னலையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று நடந்தாள். மாடியில் அண்ணன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் திரை இழுத்து மூடியிருந்தது.

கையெழுத்துப் போட்டதும் இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. ஜீப் வரட்டும்."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"அது செல்லும். ஜாமீனை ஒழுங்கா மதிச்சீங்கன்னு எழுதிருவோம். தடையை மீறினதுக்குத்தான் கைது."

சில நாள் கழித்து வெளியே வந்தாள். வேறு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடலாம் என்று திருத்திக் கொடுத்தார்கள். தெருத் தடை மட்டும் அப்படியே நின்றது.

அண்ணன் இல்லாத நேரம் பார்த்து, அண்ணி திருட்டுத்தனமாகப் போனை அம்மாவின் காதில் வைத்தாள்.

"ஏன்டி வரவே மாட்டேங்கற?"

"கோர்ட்டு விடலம்மா."

"கோர்ட்டா? அங்க எனக்கு யாரையும் தெரியாதேடி," என்றாள் அம்மா.