கனவில் கண்ட கல்லூரியும் அல்லாஹ் தந்த கல்லூரியும்

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வெளியான அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மகள் ரிஸ்னாவுக்கு மயிரிழையில் மருத்துவ பீடம் தவறிப்போயிருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுத சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் காத்தான்குடியைச் சேர்ந்தவள். என் கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். “வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிப்பிப்பம்” என்று அவர்தான் போனில் சொன்னார். கொழும்பிலுள்ள முகவர் ஒருவர் இரண்டு கல்லூரிகளைக் காட்டினார். ஒன்று வங்காளதேசத்தில் இருக்கும் பழைய கல்லூரி. காரை பெயர்ந்த சுவர்கள், ஓர் அறைக்கு நான்கு பேர். அதிலும் இடம் இல்லை, காத்திருப்போர் பட்டியலில்தான் பெயர் போடலாம் என்றார்கள். மற்றது வேறொரு நாட்டில் புதிதாகத் தொடங்கியது. பளபளவென்று இருந்தது. பெண்களுக்குத் தனி விடுதி, ஹலால் சாப்பாடு, இடமும் உறுதி. பதில் சொல்ல மூன்று வாரம் தவணை தந்தார்கள்.

என்னால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. இஸ்திகாரா தொழுதேன். இரண்டில் எது நல்லதோ அதன் பக்கம் திருப்பிவிடும்படி அல்லாஹ்விடம் கேட்கும் தொழுகை அது. எங்கள் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அதைத் தொழுதால் கனவில் பதில் வரும் என்று காத்துக்கிடப்போம். நானும் காத்துக்கிடந்தேன். மூன்றாம் நாள் கனவு வந்தது. வெள்ளைக் கட்டடம், அதன் முன்னால் தண்ணீர். புதிய கல்லூரியின் வீடியோவிலும் வெள்ளைக் கட்டடம் இருந்தது, முன்னால் ஒரு குளமும் இருந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்? விடிந்ததும் கணவருக்குச் சொன்னேன், கூடப்பிறந்த ராத்தாவுக்குச் சொன்னேன், பக்கத்து வீடு, எதிர்வீடு, மீன்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் எனக்கு சுகர் கிளினிக். பிரஷர் கூடியிருந்தது. கல்லடியிலிருந்து வரும் இளம் பெண் டொக்டர் ஒருவர், “என்னம்மா, வீட்டில ஏதும் யோசனையா?” என்று கேட்டார். பெருமையோடு கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நானும் வெளிநாட்டில படிச்சு வந்தவள்தான் அம்மா. அந்தப் புதுக் கொலேஜில படிச்சு முடிச்ச ஆக்கள் ஆரும் இஞ்ச வந்து வேலை செய்யிறாங்களா? படிக்கிற பிள்ளைகளுக்குப் பாக்கிறத்துக்கு ஆஸ்பத்திரியும் நோயாளரும் இருக்கா? நம்மட மெடிக்கல் கவுன்சில் அந்தப் பட்டத்த ஏத்துக்கொண்டிருக்கா எண்டு எழுத்தில பாத்தீங்களா?”

வீட்டுக்கு வந்ததும் முகவருக்கு போன் எடுத்து அந்த மூன்றையும் கேட்டேன்.

“முதல் பெட்ச் இன்னும் வெளியாகல்ல மெடம். ஆஸ்பத்திரி கட்டிட்டு இருக்காங்க. அங்கீகாரத்துக்கும் போட்டிருக்காங்க, கட்டாயம் கிடைக்கும்.”

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஐந்தாறு வருடம் படித்துவிட்டு வந்து, இங்கே டொக்டராக வேலை செய்ய முடியாமல் போனால் என் பிள்ளை என்ன செய்வாள்? மகள் வந்து பக்கத்தில் இருந்தாள்.

“நானும் தொழுதன், உம்மா. எனக்குக் கனவொண்டும் வரல்ல. ஆனா அந்தப் பழைய கொலேஜ நெனச்சா மனசு லேசா இரிக்கி.”

“அப்ப ஏன் புள்ள சொல்லாம இருந்த?”

“நீங்கதான் கனவு கண்டுட்டீங்களே. வெள்ளக் கட்டடமும் தண்ணியும் நம்மட ஆத்தங்கரப் பள்ளிவாசல்லயும் இரிக்கி உம்மா.”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பழைய கல்லூரியின் பட்டத்தைக் கவுன்சில் ஏற்றுக்கொண்டிருப்பதை எழுத்தில் பார்த்துவிட்டு, அதன் காத்திருப்போர் பட்டியலில் மகளின் பெயரைப் போட்டேன். தவணை முடிவதற்கு முதல் நாள், புதிய கல்லூரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கியது. கையில் இருந்ததை விட்டாயிற்று, பழைய கல்லூரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. “கனவும் கண்டாச்சி எண்டு சொன்ன ஆள்தானே நீ?” என்று கணவர் கோபித்துக்கொண்டார். தெருவில் எல்லோரும் விசாரித்தார்கள். வெளியே போகவே வெட்கமாக இருந்தது. பிள்ளையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று இரவில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தினேன். “யா அல்லாஹ், எனக்கு ஒண்டும் காட்டித் தரத் தேவல்ல. என்ட புள்ளைக்கு எது ஹைரோ, எது நல்லதோ, அத நடத்தித் தா” என்று மட்டும்தான் கேட்டேன். அப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மனம் அடங்கியது.

புதிய கல்லூரியை விட்ட பத்தொன்பதாம் நாள், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் கையில் போனுடன் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கத்தாரில் அவருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நான் பதறிப்போனேன். “இடம் கிடச்சிட்டு உம்மா! ஒராள் விலகிட்டாங்களாம், என்னைக் கூப்பிட்டிரிக்காங்க” என்றாள். கத்தியைப் போட்டுவிட்டு அப்படியே நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் விழுந்தேன். மீன் கையைக் கழுவ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவளைக் கட்டிப்பிடித்ததில் அவள் சட்டையெல்லாம் செதிளாகிவிட்டது.

புதிய கல்லூரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் அங்கேதான் படிக்கிறான். அவனுக்கும் எல்லாம் நல்லபடி அமைய துஆச் செய்கிறேன். என் மகள் இப்போது மூன்றாம் வருடம். வார்டுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். “நிக்க எடமில்லாம நோயாளர் உம்மா, கால் வீங்கிப் போச்சி” என்று முறைப்பாடு சொல்கிறாள். அந்த முறைப்பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

என்னைப் போல இரண்டு வழிக்கு நடுவில் திகைத்து நிற்கும் உம்மாமாரே, வாப்பாமாரே, தயங்காமல் அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டுவிட்டுப் படுத்துக் கிடக்காமல், எழுந்து போய் விவரம் தெரிந்தவர்களிடம் விசாரியுங்கள். படிக்கப் போகிற பிள்ளையிடமும் கேளுங்கள். நான் பதிலைத் தலையணையில் தேடினேன். அல்லாஹ் அதை சுகர் கிளினிக்கில் ஒரு பெண்பிள்ளையின் வாயில் வைத்திருந்தான். அல்ஹம்துலில்லாஹ்.