டேகடியின்மேல் நான் எழுதிய வரி

என் கையெழுத்து அழகானது என்று பன்னிரண்டு வயதில் நான் மனதார நம்பினேன். அதற்குப் பிறகும் எத்தனையோ மடத்தனங்கள் செய்திருக்கிறேன். அறுபது வயதில் தலைக்குச் சாயம் பூசி, மறுநாள் மழையில் நனைந்து, சாயம் வழிந்து கறுத்த சட்டைக் காலரோடு தேவாலயத்தில் நின்றதும் அதில் அடக்கம். ஆனாலும் அவை அனைத்துக்கும் தலைமை தாங்கும் தகுதி அந்த ஒரு நம்பிக்கைக்குத்தான் உண்டு.

அந்த மடத்தனத்துக்கு ஒரு வாசனையும் இருக்கிறது. ஓவியக்காரர்களின் வெள்ளைச் சாயக் குழாயைத் திறந்ததும் வருமே, ஈரச் சுண்ணாம்போடு கோந்தைக் குழைத்தாற்போல ஒன்று, அதுதான். அந்தக் குழாய் எஸ்தர் அக்காவுடையது. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பாளையங்கோட்டையிலிருந்து வந்து, பூனாவில் ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த எங்கள் அப்பாவுக்கு, தாபோடியில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். அதன் பின்வாசலில் நின்றால், நாங்கள் ‘டேகடி’ என்று சொல்லும் சிறு குன்று ஒன்று தெரியும். இந்த ஊர்க் குன்றுகளுக்கு உச்சி கிடையாது. மிலிட்டரி நாவிதர் கத்தியை வைத்து ஒரே இழுப்பில் வழித்துவிட்டதுபோல் தலை தட்டையாக இருக்கும். மலை என்றால் முக்கோணம் என்று டிராயிங் நோட்டில் படித்துவந்த நான், கடவுள் பாதியில் சாப்பிடப் போய்விட்டார் என்றே நினைத்திருந்தேன். அக்காதான் அந்தத் தட்டைத் தலையை மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்தாள். ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்து, பச்சையும் சாம்பலுமாக, மேகம் மலையின் தோள்வரை இறங்கிவந்த ஒரு நேரத்தைத் தாளில் பிடித்துவிட்டாள்.

ஆனால் உண்மையான டேகடியின் சரிவில் ஒரு வாசகம் இருந்தது. மராட்டி பேசுகிற பகுதிகளையெல்லாம் சேர்த்துத் தனி மாநிலம் வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சுவரில், பாலத்தில், எருமை மாட்டின் முதுகில்கூட ‘ஜாலாச் பாஹிஜே’ என்று எழுதியிருக்கும். ‘ஆகியே தீரவேண்டும்’ என்று பொருள். டேகடியில் யாரோ ஆள் உயரத்துக்கு அதைச் சுண்ணாம்பில் எழுதிவைத்திருந்தார்கள். நானும் வீட்டில், ‘முட்டைப் பொரியல் ஜாலாச் பாஹிஜே’ என்று தட்டைத் தட்டி அம்மாவிடம் கரண்டி அடி வாங்கியிருக்கிறேன். அப்பாவுக்கு மட்டும் அந்தச் சொல் காதில் விழுந்தாலே முகம் வெளுத்துவிடும். ஊர்வலம் வந்தால் ஜன்னலைச் சாத்துவார்.

“ஏல சாமு, ரோட்டுல போறப்ப செவத்தப் படிக்காத. எந்த மாகாணமா இருந்தா நமக்கு என்ன? சர்க்கார் சோறு திங்குதோம். எவனாவது ஒருத்தன் நம்ம மேல மொட்டக் கடுதாசி எழுதிப் போட்டான்னா, மறுநாள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

பள்ளிக்கூடத்திலோ நிலைமை வேறு. ‘மதராசி’, ‘யண்டுகுண்டு’ என்று என் தமிழைக் கடகடவென்று தகர டப்பாவாக்கிக் காட்டுகிற பையன்கள் நடுவில், அந்த வருஷம் மராட்டிக் கையெழுத்தில் முதல் பரிசு எனக்குக் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து மராட்டியர்களைவிட நான் மராட்டியன்.

அந்த மே மாதம், பம்பாயில் ஓவியம் படிக்க உதவித்தொகையோடு ஓர் இடத்துக்கு அக்காவைத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். பூனாவில் ஒரு சர்க்கார் கட்டடத்தில் அதிகாரிகள் நான்கு பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள், மூன்று படங்கள் கொண்டுவரவேண்டும் என்று கடிதம் சொன்னது. இது கிடைக்காவிட்டால் டைப் அடிக்கப் போகவேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பான ஏற்பாடு. அன்று காலை அக்கா அம்மாவின் சேலையை இஸ்திரி போடப் போகும்போது, “சாமு, மூணு படத்தையும் சுருட்டிப் பிரவுன் பேப்பர்ல கட்டி வையில. கைய கழுவிக்கிட்டுத் தொடு,” என்றாள்.

கையைக் கழுவினேன். அதுவரை குற்றம் இல்லை. பிறகு டேகடிப் படத்தைப் பார்த்தேன். சரிவு வெறுமையாக இருந்தது. முன்பே ஒரு தடவை, “எழுத்த விட்டுட்டியேக்கா,” என்று நான் கேட்டதற்கு, “எனக்கு மலைதான் வேணும்,” என்றிருந்தாள். எனக்கோ அது பெரிய மறதியாகவும், நான்கு மராட்டி அதிகாரிகளுக்கு முன்னால் எங்கள் குடும்பத்தின் மானப் பிரச்சினையாகவும் பட்டது. வெள்ளைக் குழாயைத் திறந்தேன். பரிசு வாங்கிய கையெழுத்தில், மலைச்சரிவுக்கு ஏற்றபடி வளைத்து வளைத்து, ஜாலாச் பாஹிஜே என்று எழுதினேன். மே வெயிலில் இரண்டு நிமிஷத்தில் காய்ந்தது. சுருட்டிக் கட்டினேன். சணல் முடிச்சுகூட அழகாகப் போட்டேன்.

அந்த அதிகாரிகள், தனி மாநிலம் தரமுடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த சர்க்காரின் சம்பளக்காரர்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. மராட்டி பேசினால் எல்லோரும் ஒரே கட்சி என்று எண்ணிய ஒரே மனிதன் அந்த மாகாணத்தில் நானாகத்தான் இருப்பேன்.

நானும் அப்பாவும் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். அக்கா வெளியே வந்தபோது பிரவுன் பேப்பர் கிழிந்திருந்தது.

“என்னளா சொன்னாவ?”

“காயிதம் போடுவாவளாம்ப்பா.”

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். என்னை ஒரு தடவையும் பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது, இடம் இல்லை. “மதராசிக்கு எங்க குடுப்பான்?” என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். வீட்டில் அதுவே வரலாறு ஆயிற்று. ஒரு மத்தியானம், அக்காவின் டிரங்குப் பெட்டியில் அந்தப் படத்தைத் திருட்டுத்தனமாக விரித்துப் பார்த்தேன். என் எழுத்தைச் சுற்றி யாரோ சிவப்புப் பென்சிலால் அழுத்தமாக வட்டம் போட்டிருந்தார்கள்.

அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகை வரும் என்று சிறிது நேரம் உட்கார்ந்து காத்திருந்தேன். வராததால் கோலி விளையாடப் போனேன். பல் டாக்டர் ஊசி போட்டபின் தாடையைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அந்த நாளை அவ்வப்போது கிள்ளிப் பார்க்கிறேன். தாடை என்னுடையதுதான், உணர்ச்சிதான் இல்லை.

அக்கா டைப் அடிக்கப் போனாள். சில வருஷத்தில் மாநிலமும் வந்தது. பள்ளிக்கூடத்தில் பேடா கொடுத்தார்கள். நான் வரிசையில் மறுபடி நின்று இரண்டாவதும் வாங்கித் தின்றேன். டேகடியின் எழுத்தை மழை கரைத்தது, இனி யாரும் புதுப்பிக்கவேண்டிய தேவையும் இல்லை. அதன்பின் அக்கா தூரிகை எடுத்தது கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தின் பின்திரைக்கு மட்டுமே. அவள் வரைந்த பெத்லகேமில் மலைகளுக்குத் தலை தட்டையாக இருந்தது. போதகர் ஐயா உள்பட யாரும் அதைக் கேட்கவில்லை.

போன மாதம் பூனாவின் புறநகரான வாகட்டில், அவள் மகனுடைய ஒன்பதாவது மாடி வீட்டுக்குப் போயிருந்தேன். பால்கனியில் உட்கார்ந்து அக்கா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு குன்றைக் கல்லுக்காகப் பாதிக்குமேல் வெட்டி எடுத்திருந்தார்கள். மீதியில் வீடு விற்பவர்களின் பலகை, ஆள் உயர எழுத்தில். தாபோடிக் குவார்ட்டர்ஸ் இல்லை, பின்வாசல் இல்லை, அந்தப் படம் எந்த வீடு மாற்றத்தில் போயிற்று என்றும் தெரியவில்லை. பலகையைப் பார்த்தோ என்னவோ, அறுபது வருஷமாக என் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டேன்.

“அக்கா, அன்னைக்கு அந்தப் படத்துல எழுதுனது நாந்தான். உள்ள ஒன்கிட்ட, யாரு எழுதுனதுன்னு கேட்டாவளா?”

அவள் இன்னொரு பட்டாணியை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

“கேட்டாவ, நாந்தான்னேன்.”