கால் நிற்காத பெடல்

முதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தால் புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஷேர் ஆட்டோ ஆள் சேரும்வரை நகராது. அதனால்தான் சைக்கிள். சிதம்பரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறேன். காலையில் ரயிலில் போய்விட்டு, இருட்டுவதற்குள் ரயிலோ பஸ்ஸோ எது கிடைக்கிறதோ அதில் திரும்புவேன். சைக்கிள் ஓட்டினால் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். எனக்கு அது ரயிலைப் பிடிக்க உதவும் ஒரு சாமான், அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு காலையில் அதன் இடதுபக்க பெடல் உடைந்தது. பிளாஸ்டிக் பெடல். ஓரத்தில் விரிசல் விட்டு நாளாகியிருந்தது. ஏறி மிதித்ததும் பாதிப் பெடல் கீழே விழுந்துவிட்டது, நடுவில் இருக்கும் இரும்புத் தண்டு மட்டும் மிச்சம். கால் அதிலிருந்து வழுக்கி, நான் சைக்கிளோடு சாய்ந்தேன். முட்டியில் சிராய்ப்பு. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். ரயில் போய்விட்டது. கடைக்குப் போன் செய்து வர நேரமாகும் என்றேன். "சைக்கிள்லயாம்மா இன்னும் வர்றீங்க?" என்று கேட்டார் முதலாளி.

அன்றைக்கே ஒரு சைக்கிள் கடையில் புதுப் பெடல் மாட்டச் சொன்னேன். கடைக்காரர் பழையது மாதிரியே ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இதே மாதிரிதான உடஞ்சிச்சு? வேற இல்லியா?"

"லேடீஸ் சைக்கிளுக்கு இதாம்மா வரும்."

அது சின்னது. என் பாதத்தில் பாதிகூட அதில் நிற்கவில்லை. மேல்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. எங்கள் தெருவில் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிப் போகும் வண்டிகள் வழியெல்லாம் ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகும். அதில் செருப்பு நனைந்தால் போதும், கால் பெடலிலிருந்து நழுவும். நழுவிய வேகத்தில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றி முழங்காலுக்குக் கீழே எலும்பில் வந்து இடிக்கும். அந்த வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஷூ போட்டுக்கொள் என்று எல்லோரும் சுலபமாகச் சொன்னார்கள். புடவைக்குக் கீழே ஷூ போட்டு, நாள் முழுக்க நின்றுகொண்டு, இந்த வெயிலில் வேலை பார்க்க அவர்களில் யாரும் வரப்போவதில்லை.

என் தம்பி சிதம்பரத்திலேயே இருக்கிறான். ஒரு நாள் மத்தியானம் மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தவன் என் காலில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தான்.

"என்னாக்கா இது?"

சொன்னேன். உடனே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டான். மலையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் போடுகிற பெடலாம். அலுமினியம், நல்ல அகலம், மேலே குட்டிக் குட்டி முள் மாதிரி ஆணிகள். "இதுல கால வச்சா நவுராதுக்கா. நான் வாங்கித் தரேன்." எனக்கு அந்த முள்ளைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. ஆனால் அவன் பாசமாகச் செய்கிறான், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன்.

பெடல் வந்தது. கடைக்குக் கொண்டுபோகலாம் என்று எடுத்து வைத்தேன். என் வீட்டுக்காரர் விடவில்லை. அவர் எனக்கு அத்தை மகன், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். "ரெண்டு பெடல மாட்டத் தெரியாதா எனக்கு?" என்று பக்கத்து வீட்டில் ஸ்பேனர் வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்தார்.

இடதுபக்கத்தில் ஒரு பெடலை வைத்துச் சுற்றினார். ஏறவில்லை. அழுத்திச் சுற்றினார். கொஞ்சம் ஏறிக் கோணலாக நின்றது.

"மாமா, அதுல எல், ஆர்னு எழுத்து இருக்கு பாருங்க. இது வலதுபக்கத்துது போல."

"எல்லாம் ஒண்ணுதாண்டி. புது மரை, டைட்டாதான் இருக்கும்."

ஸ்பேனர் நுனியில் ஒரு பைப்பைச் சொருகி, எழுந்து நின்று அழுத்தினார். கரகரவென்று ஒரு சத்தம். பெடல் மாட்டுகிற கையை கிராங்க் என்பார்கள். அதன் ஓட்டையிலிருந்து உலோகத் துருவல் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. அப்புறம்தான் எழுத்தைக் குனிந்து பார்த்தார். இடதுபக்கப் பெடலுக்கு மரை தலைகீழ். மற்ற திருகெல்லாம் இறுகுகிற பக்கம் சுற்றினால் அது கழலும். அதைக் கழற்றி, சரியான பெடலை அதே ஓட்டையில் மாட்டினார். "ம், பிடிச்சிக்கிச்சு" என்றார்.

அடுத்த நாள் முதல் புது அவஸ்தை. கால் நகரவில்லை என்பது உண்மைதான். நகர்த்த நினைத்தாலும் நகரவில்லை. ஆணிகள் செருப்பின் அடியில் குத்திப் பிடித்துக்கொண்டன. ரப்பர் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்தது. அவசரமாக இறங்கியபோது புடவை ஓரம் ஆணியில் மாட்டிக் கிழிந்தது. பொங்கலுக்கு எடுத்த காட்டன் புடவை அது. இடதுபக்கப் பெடலோ ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. மிதிக்கும்போதெல்லாம் டக், டக் என்று சத்தம். மாமாவிடம் சொன்னேன். "புதுசுல அப்படித்தான்" என்றார்.

அந்த வாரமே, ஸ்டேஷனுக்குத் திரும்பும் இடத்தில், பெடல் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இந்த முறை விழவில்லை, காலை ஊன்றிவிட்டேன். ஆனால் ஒற்றைப் பெடலைக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் போனபோது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அன்று ராத்திரி தம்பிக்குப் போன் போட்டேன். "மாட்டத் தெரியாம மாட்டிட்டுப் பெடலச் சொன்னா எப்படிக்கா?" என்றான். ஸ்பீக்கரில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மாமா பக்கத்திலிருந்து, "மச்சான், முள்ளு வச்ச பெடல எந்த ஊர்ல பொம்பளைங்க மிதிக்கிறாங்க?" என்றார். பேச்சு தடித்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தம்பி வீட்டில் பிள்ளைக்குக் காதுகுத்து பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. ஒரு பெடலுக்காக இரண்டு ஆம்பளைகள் முறைத்துக்கொண்டார்கள். நடுவில் நான் தினமும் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிதம்பரத்தில் சைக்கிள் கடைகளைத் தேடிப் போனேன். முதல் கடையில், "வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்கம்மா, அவருக்குத் தெரியும்" என்றார்கள். சிரிப்புக்கூட வரவில்லை. அடுத்த கடையில் நான் எதுவும் கேட்கவில்லை. இருக்கிற பெடலையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் தரையில் வைத்து, செருப்புக் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பாதத்தின் அகலம் நிற்கிறதா, மேலே ஈரக் கையால் தேய்த்தால் வழுக்குகிறதா, முந்தானையைத் தேய்த்தால் நூல் மாட்டுகிறதா என்று பார்த்தேன். தண்டைப் பிடித்துச் சுற்றிவிட்டேன், ஆட்டிப் பார்த்தேன். சிலது சுற்றும்போதே மணல் அரைப்பது மாதிரி இருந்தது.

"யாருக்கும்மா, பையனுக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

கடைசியில் பெரிய ஆம்பளை சைக்கிளுக்குப் போடுகிற ஒரு ஜோடி கிடைத்தது. இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் வரிவரியாக மேடு வைத்த கெட்டி ரப்பர் கட்டைகள். கனம்தான், பார்க்கவும் அழகில்லை. ஆனால் கால் நின்றது. முனையில் இருந்த மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் பேரிங் குண்டுகளுக்கு கிரீஸ் வைக்கவும் முடியும்.

முதுநகர்க் கடையில் இடது கிராங்கை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். பெடலை வீட்டில் நானே மாட்ட உட்கார்ந்தேன். பழைய துணியால் மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, எழுத்தைப் பார்த்து, முதலில் விரலாலேயே சுற்றினேன். விரலுக்கு ஏறினால்தான் சரியாக ஏறுகிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் சைக்கிளின் முன்பக்கம் பார்த்துச் சுற்றினால் இறுகும். இதை யாரிடமும் கேட்கவில்லை, மாட்டிக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது தம்பி வீடியோ காலில் வந்தான். காதுகுத்துத் தேதி எங்களுக்குத் தோதுப்படுமா என்று கேட்க. நான் கிரீஸ் கையோடு இருப்பதைப் பார்த்து, "அக்கா, ரொம்ப டைட் பண்ணாத" என்றான். மாமா பின்னாலிருந்து, "அதத்தான் நானும் சொல்றேன் மச்சான், கேக்க மாட்டன்றா" என்றார். "மாமா, ஸ்பேனர நேரா புடிக்கச் சொல்லுங்க" என்றான் தம்பி. "நீயே சொல்லு மச்சான், சொல்லு" என்றார் மாமா. நான் செய்வதில் குற்றம் கண்டுபிடிப்பதில் இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையை முடித்தேன்.

பெடல் நன்றாகத்தான் இருக்கிறது. மழையிலும் கால் நிற்கிறது. ஆனால் இந்த உப்புக் காற்றில் எதுவும் சும்மா இருப்பதில்லை. கொஞ்ச நாளில் கிறீச் என்று கத்த ஆரம்பிக்கும். மூடியைக் கழற்றி, கறுத்த கிரீஸை வழித்தெடுத்து, புதிது வைக்க வேண்டும். ரப்பரைப் பிடிக்கும் நட்டுகள் தளர்ந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, மீன் கழுவி, அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

காதுகுத்து வடலூரில் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் மாமாவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வரிசையில் இருந்த சொந்தக்காரர் ஒருவரிடம் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். "கடையில குடுத்தா கெடுத்துருவான். நானும் மச்சானும் சேந்துதான் அவ சைக்கிளுக்குப் பெடல் மாட்டிக் குடுத்தோம்." தம்பி தலையாட்டிக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினான்.

நான் சாம்பார் வாளியோடு அந்த இலைக்கு நேராக நின்றிருந்தேன். இருவருக்கும் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன். திரும்பி வரும் பஸ்ஸில், "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எப்படி?" என்றார். நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.